இர்ரெவோக்கபிள் டிரஸ்ட் மக்கர் செய்கிறதா? கோர்ட்டுக்குப் போகாமல் சரிசெய்யும் வழிமுறை

"இதை மாத்தவே முடியாதாமே?" என்று கேட்டுக்கொண்டேதான் பெரும்பாலோர் பத்திரத்தை என் மேசையில் வைப்பார்கள். நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவில் டிரஸ்ட்களுக்கு 1041 என்ற வருமான வரிப் படிவம் போட்டுக் கொடுப்பது என் வேலை. வருஷா வருஷம் இந்தப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதால் எது எங்கே உடையும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

இர்ரெவோக்கபிள் என்றால், எழுதியவர் தனி ஆளாக, தன் இஷ்டத்துக்குத் திருப்பி வாங்க முடியாது என்று பொருள். மற்றவர்கள் யாரும் தொடவே முடியாது என்று பொருள் இல்லை. சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டி சில மாற்றங்களைச் செய்யலாம். பத்திரத்திலேயே அதிகாரம் பெற்ற புரொடெக்டர் சிலவற்றைச் செய்யலாம். பயனாளிகள் கூடிக் கையெழுத்துப் போட்டுச் சிலவற்றைச் செய்யலாம். ஆனால் ஒரே மாற்றம்தான் என்றாலும் யார் கையால் நடக்கிறது என்பதைப் பொறுத்து வரி விளைவு தலைகீழாக மாறும். கீழே சொல்வதை எல்லாம் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

பத்திரத்தில் நாலு இடத்தைப் பாருங்கள். எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது? டிரஸ்டி அசலிலிருந்து பணம் கொடுக்க என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள்: "டிரஸ்டி விரும்பியபடி" என்றா, அல்லது "உடல்நலம், கல்வி, பராமரிப்பு, வாழ்க்கைச் செலவு" என்று வேலி போட்டா? டிரஸ்டியை நீக்கவும் நியமிக்கவும் யாருக்கு அதிகாரம்? புரொடெக்டர் என்று ஒருவர் உண்டா, யாருக்காவது பவர் ஆஃப் அப்பாயின்ட்மென்ட், அதாவது சொத்து யாருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம், கொடுத்திருக்கிறதா? பாதிப் பேருக்கு மருந்து பத்திரத்துக்குள்ளேயே இருக்கும். முப்பதாம் பக்கத்தைத் தாண்டி யாரும் படிப்பதில்லை, அதுதான் கோளாறு.

டிரஸ்ட் எப்போது மாற்றமுடியாததாக ஆனது என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 1985 செப்டம்பர் 25 அன்றோ அதற்கு முன்போ என்றால் பேரப்பிள்ளைகளுக்குப் போகும் சொத்தின் மீதான ஜிஎஸ்டி வரியிலிருந்து பொதுவாக அதற்கு விலக்கு உண்டு. (நம் ஊர் ஜிஎஸ்டி இல்லை, இது வேறு.) அப்படிப்பட்ட பழைய டிரஸ்டில் பயனை அடுத்த தலைமுறைக்குத் தள்ளினாலோ காலத்தை நீட்டினாலோ விலக்கு பறிபோகும். இந்தத் தேதி கண்ணில் பட்டால், கூலி அதிகமானாலும் பரவாயில்லை, டிரஸ்ட் வக்கீலிடம் போங்கள்.

அப்புறம் மாநிலம். 2000-ல் வந்த யூனிஃபார்ம் டிரஸ்ட் கோடு என்ற மாதிரிச் சட்டத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் தங்கள் திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டுவிட்டன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் தனி வழி. கீழே நான் சொல்லும் நாட்கணக்கு எல்லாம் மாதிரிச் சட்டத்தில் உள்ளவை. உங்கள் மாநிலத்தில் கூடலாம், குறையலாம்.

அறிகுறி: டிரஸ்டி இல்லை, அல்லது இருக்கிறவர் போகவேண்டும்

லேசான கேஸ் இது. டிரஸ்டி தானாக விலக விரும்பினால் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம். காலி இடத்துக்குப் பத்திரத்தில் பெயர் இருந்தால் அவர். இல்லையென்றால் தகுதியுள்ள பயனாளிகள் எல்லோரும் ஒருமனதாக ஒருவரை நியமிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால்தான் கோர்ட்.

போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் டிரஸ்டியை நீக்கும் அதிகாரம் பத்திரத்தில் யாருக்கும் இல்லையென்றால், உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கணக்கு சரியாக இருந்தால் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்து ஒரு கடிதம் தருவதாகச் சொன்னாலே பல டிரஸ்டிகள் எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கும் பயம் வழக்கைப் பற்றித்தான்.

எழுதியவரே டிரஸ்டியை மாற்றும் அதிகாரம் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. தனக்குக் கட்டுப்பட்ட உறவினரையோ தன்னிடம் வேலை பார்ப்பவரையோ போடும் சுதந்திரம் அதில் இருக்கக்கூடாது. அப்படி இல்லாதவரை, அந்த அதிகாரம் இருப்பதால் மட்டும் சொத்து அவர் எஸ்டேட்டுக்குள் (அவர் இறந்தபின் வரிக்கு உட்படும் சொத்துக் கணக்குக்குள்) திரும்பி வந்துவிடாது என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் 1995-லேயே சொல்லிவிட்டது.

அறிகுறி: டிரஸ்டி ஊருக்குத் திரும்பிவிட்டார்

நம்மவர் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஆனால் யாரும் இதைக் கோளாறு என்றே நினைப்பதில்லை. அண்ணன் நியூஜெர்சியில் டிரஸ்ட் எழுதுகிறார். நம்பிக்கையான ஆள் என்று தம்பியை டிரஸ்டி ஆக்குகிறார். தம்பி அப்போது ஹெச்-1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறார், வரிச் சட்டப்படி அமெரிக்க நபர்தான், சிக்கல் இல்லை. ஏழு வருஷம் கழித்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள தம்பி கோயம்புத்தூர் போய்விடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருஷம் அவர் அமெரிக்க வரிக்கு வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார், அவர் கையில் இருக்கும் டிரஸ்டும் கூடவே வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடுகிறது.

காரணம் இது. ஒரு டிரஸ்ட் உள்நாட்டு டிரஸ்ட் ஆக இரண்டு சோதனையில் தேறவேண்டும். ஒன்று, அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அதன் நிர்வாகத்தை மேற்பார்வை செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். இரண்டு, முக்கியமான முடிவுகள் எல்லாவற்றையும் அமெரிக்க நபர்களே எடுக்கவேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் வெளிநாட்டவர் ஒருவர் தன்னந்தனியாக உட்கார்ந்துவிட்டால் இரண்டாவது சோதனை தோற்கிறது. விளைவு: டிரஸ்டுக்குள் விலை ஏறியிருக்கும் பங்குகளை விற்காமலே விற்றதாகக் கணக்கிட்டு லாப வரி வரக்கூடும். எழுதியவரே வரி கட்டும் கிராண்டர் டிரஸ்ட் ஆக இருந்தால் அந்த வரி அப்போதைக்கு வராது. ஆனால் வெளிநாட்டு டிரஸ்டுக்கான 3520, 3520-ஏ படிவங்கள் போடவேண்டும், அவற்றின் அபராதம் லேசுப்பட்டதில்லை.

நல்ல செய்தி, இதற்கு 12 மாதம் அவகாசம் உண்டு. டிரஸ்டியின் சாவு, விலகல், குடிபெயர்ச்சி போன்ற காரணத்தால், நினைக்காமல் நேர்ந்த மாற்றம் என்றால், 12 மாதத்துக்குள் அமெரிக்க நபர் ஒருவரை அந்த இடத்தில் வைத்துவிட்டால் டிரஸ்ட் இடையில் வெளிநாடு போனதாகவே கணக்கில்லை. ஆகவே தம்பி டிக்கெட் போடும்போதே விலகல் கடிதத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

தம்பி அமெரிக்கக் குடிமகன் என்றால் எங்கே இருந்தாலும் அமெரிக்க நபர்தான், இரண்டாவது சோதனையில் பாஸ். ஆனால் கணக்கு வழக்கு, நிர்வாகம் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்தே நடந்தால் முதல் சோதனையில் இடிக்கலாம். அந்த 12 மாதச் சலுகை முதல் சோதனைக்குக் கிடையாது. இங்கேயே இருக்கும் ஒருவரை உடன் டிரஸ்டியாக வைத்து நிர்வாகத்தை அவரிடம் விடுவது நிம்மதி.

அறிகுறி: பத்திரத்தில் பிழை, அல்லது ஒரு வரி இரண்டு விதமாகப் பொருள்படுகிறது

"பேரப்பிள்ளைகளுக்கு" என்று இருக்கிறது, தத்துப் பிள்ளை அதில் சேர்த்தியா என்று தெரியவில்லை. ஆறாம் பத்தியைப் பார் என்கிறது, ஆறாம் பத்தியில் அது இல்லை. டிரஸ்டி சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. இப்படிப்பட்டவற்றுக்கு நான்-ஜுடிஷியல் செட்டில்மென்ட் அக்ரிமென்ட், அதாவது கோர்ட்டுக்கு வெளியே எல்லோரும் கையெழுத்திடும் ஒப்பந்தம். பொருள் விளக்கம், கணக்கு ஒப்புதல், டிரஸ்டி மாற்றம், அவர் சம்பளம், நிர்வாகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும். இரண்டே எல்லை: டிரஸ்டின் அடிப்படை நோக்கத்தை உடைக்கக்கூடாது. கோர்ட் போயிருந்தால் எதை ஒப்புக்கொண்டிருக்குமோ அதைத்தான் எழுதவேண்டும்.

சின்னப் பிள்ளைகளும் இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளும் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்? அவர்களுக்காகப் பெற்றோர் போடலாம், அந்த விஷயத்தில் இருவர் நலனும் மோதாதவரை. அப்பா பங்கு கூடினால் மகன் பங்கு குறையும் என்றால் அங்கே அப்பா கையெழுத்து செல்லாது. இந்த இடத்தில்தான் வீட்டிலேயே தயாரித்த ஒப்பந்தங்கள் பின்னால் உடைகின்றன.

பிழை வரி சம்பந்தப்பட்டதாக இருந்தால் மட்டும் நான் சொல்வது வேறு. நீங்கள் உங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் ஐஆர்எஸ்ஸைக் கட்டுப்படுத்தாது. 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த பாஷ் தீர்ப்புக்குப் பின், கீழ்க் கோர்ட் உத்தரவே அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை, மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னால்தான். வரிக்காகத் திருத்துவது என்றால் கோர்ட் செலவைப் பார்த்துத் தயங்கவேண்டாம். "கோர்ட்டே வேண்டாம்" என்பதை ஒரு விரதம் மாதிரிப் பிடித்துக்கொண்டு கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: 25 வயதில் மொத்தப் பணமும் பிள்ளை கைக்குப் போய்விடும், அது ஆபத்து

பிள்ளை கடனில் இருக்கலாம், விவாகரத்து நடந்துகொண்டிருக்கலாம், போதைப் பழக்கம் இருக்கலாம், அல்லது மாற்றுத்திறனாளியாக அரசு உதவி பெறுபவராக இருக்கலாம். இதற்கு மருந்து டிகான்டிங். பழைய டிரஸ்டில் உள்ள சொத்தைப் புதிய விதிகள் எழுதிய வேறு டிரஸ்டுக்குள் ஊற்றிவிடுவது. நம் டபரா, டம்ளர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காபி ஆற்றுவது போலத் திருப்பி ஊற்ற முடியாது.

தர்க்கம் எளிது. ஒருவருக்கு நேராகப் பணமே கொடுத்துவிட அதிகாரம் உள்ள டிரஸ்டிக்கு, அதே ஆளுக்காக வேறு டிரஸ்டில் போடவும் அதிகாரம் உண்டு என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 1940-ல் ஒப்புக்கொண்டது. முதலில் சட்டமாக்கியது நியூயார்க், 1992-ல். டிகான்டிங்குக்கென்று தனி மாதிரிச் சட்டம் 2015-ல் வந்தது. கலிபோர்னியாவில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. இதில் முடிவெடுப்பவர் டிரஸ்டி. பயனாளிகளுக்கு நோட்டீஸ் போகும், மாதிரிச் சட்டத்தில் 60 நாள், ஆனால் அவர்கள் சம்மதம் தேவையில்லை. இதுதான் இதன் பலம்.

இங்கேதான் முதலில் பார்க்கச் சொன்ன அந்த வார்த்தைகள் வேலைக்கு வருகின்றன. டிரஸ்டி விரும்பியபடி கொடுக்கலாம் என்று இருந்தால் கை விரிந்தது: 25 வயதை 40 ஆக்கலாம், அல்லது வயதே இல்லாமல் டிரஸ்டி தீர்மானத்துக்கு விடலாம். "உடல்நலம், கல்வி" என்று வேலி போட்டிருந்தால் நிர்வாக விதிகளை மாற்றலாம், பயனாளிகளின் பங்கு ஏறக்குறைய அப்படியே இருக்கவேண்டும். இரண்டிலும் புதிதாக ஒருவரைப் பயனாளியாக நுழைக்க முடியாது. டிரஸ்டி தன் சம்பளத்தைத் தானே உயர்த்திக்கொள்ளவும் முடியாது.

நேரம் முக்கியம். பிள்ளைக்கு 25 முடிந்து, எடுத்துக்கொள்ளும் உரிமை கையில் வந்தபின், மாதிரிச் சட்டப்படி அதைத் தொட முடியாது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு விவாகரத்து வழக்கில், கணவர் எடுத்துக்கொள்ளும் உரிமை வந்த பின்னும் டிரஸ்டிகள் ஊற்றியது செல்லும் என்றது. ஆனால் அது அந்தப் பத்திரத்தின் வார்த்தைகளை வைத்துச் சொன்னது. அதை நம்பிப் பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் இன்னும் கவனம். எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவித்தொகை பெற ஒருவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் கணக்கில் வரும் சொத்து இருக்கக்கூடாது. தாத்தா பாட்டி எழுதிய டிரஸ்டை அந்த உரிமை பிறக்கும் முன்பே, அரசு உதவி கெடாதபடி எழுதும் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்டாக மாற்றிவிட்டால், பிள்ளை காலத்துக்குப் பின் மிச்சம் இருப்பது குடும்பத்துக்குப் போகும். உரிமை பிறந்தபின் மாற்றினால் அது பிள்ளையின் சொந்தப் பணம் ஆகிவிடும். அப்போது வேறு வகை டிரஸ்ட்தான் போடமுடியும், அதில் பிள்ளை காலத்துக்குப் பின் அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் தான் செலவழித்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். மாதிரிச் சட்டம் இந்த நிலைக்கென்றே டிரஸ்டிக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது, வேலி போட்ட பத்திரமாக இருந்தாலும்.

உங்கள் மாநிலத்தில் டிகான்டிங் சட்டம் பலவீனமாக இருந்தால், முதலில் நிர்வாகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றி (யூனிஃபார்ம் டிரஸ்ட் கோடில் 60 நாள் நோட்டீஸ்), அங்கே ஊற்றுவார்கள். சவுத் டகோட்டாவில் டிரஸ்ட் கம்பெனிகள் குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: எஸ்டேட் வரிக்குப் பயந்து எழுதியது, இப்போது லாப வரி கடிக்கிறது

2001-ல் எஸ்டேட் வரி விலக்கு 675,000 டாலர்தான். அந்தக் காலத்தில் வீடும் பங்கும் வைத்திருந்தவர்கள் எல்லோரும் டிரஸ்ட் எழுதினார்கள். 2026-ல் விலக்கு ஒருவருக்கு 1.5 கோடி டாலர். எஸ்டேட் வரி வராது, ஆனால் டிரஸ்டுக்குள் கிடக்கும் பங்கு எழுதியவரின் எஸ்டேட்டில் சேராததால் அவர் சாவின்போது அடக்க விலை (லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் வாங்கிய விலை) சந்தை விலைக்கு உயராது. கிராண்டர் டிரஸ்டாக இருந்தாலும் உயராது என்று ஐஆர்எஸ் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் விற்கும்போது முழு லாபத்துக்கும் வரி.

எழுதியவர் உயிரோடு இருந்தால் பத்திரத்தில் ஸ்வாப் பவர் இருக்கிறதா பாருங்கள். சம மதிப்புள்ள வேறு சொத்தைக் கொடுத்து டிரஸ்டில் உள்ளதை எடுத்துக்கொள்ளும் உரிமை அது. ரொக்கத்தை உள்ளே போட்டு, பழைய விலைப் பங்கை வெளியே எடுத்துத் தன் பெயரில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கையெழுத்தும் ஒரு மதிப்பீட்டு அறிக்கையும்தான். எனக்கு மிகவும் பிடித்த ரிப்பேர் இது, ஏனென்றால் பத்திரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

கணவர் இறந்து மனைவிக்காக ஓடும் டிரஸ்ட் என்றால், சுதந்திரமான டிரஸ்டி தன் அதிகாரத்துக்கு உட்பட்டுப் பங்கை மனைவிக்கே கொடுத்துவிடலாம். அல்லது புரொடெக்டரோ டிகான்டிங்கோ மூலம் மனைவிக்கு ஜெனரல் பவர் ஆஃப் அப்பாயின்ட்மென்ட், அதாவது தனக்கேகூடச் சொத்தை ஒதுக்கிக்கொள்ளும் அதிகாரம், கொடுக்கலாம். அவர் எஸ்டேட்டில் சொத்து சேரும், விலக்குக்குள் அடங்கும், அடக்க விலை உயரும். மாநில எஸ்டேட் வரி உள்ள இடத்தில் மட்டும் கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். மாசசூசெட்ஸ், ஒரிகான் போன்ற இடங்களில் விலக்கு மிகக் குறைவு.

அறிகுறி: டிரஸ்ட் வருமானத்துக்கு அப்பா வரி கட்டிக் கட்டிக் களைத்துவிட்டார்

கிராண்டர் டிரஸ்டில் பணம் பிள்ளைகளுக்கு, வரி அப்பாவுக்கு. முதலில் நல்ல திட்டமாகத்தான் இருக்கும். பத்து வருஷத்தில் அப்பா ஓய்வு பெற்றுவிடுவார், டிரஸ்டோ வளர்ந்துகொண்டே போகும். "அப்பாவுக்கு வரிப் பணத்தை டிரஸ்டே திருப்பித் தரட்டும்" என்று பிள்ளைகள் பாசத்தோடு கையெழுத்துப் போட்டுப் புதிய விதியைச் சேர்ப்பார்கள். 2023 டிசம்பரில் ஐஆர்எஸ் தலைமைச் சட்ட அலுவலகம் இதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது: அப்படிச் சம்மதித்த பயனாளிகள் அப்பாவுக்கு அன்பளிப்பு கொடுத்ததாகப் பொருள், கிஃப்ட் டாக்ஸ் கணக்கில் வரும். அதற்கு முன் ஐஆர்எஸ்ஸே வேறு மாதிரிச் சொல்லியிருந்தது.

அதனால் திருப்பிக் கொடுக்கும் விதியைப் பின்னால் சேர்ப்பதைக் காட்டிலும், எந்த அதிகாரத்தால் அது கிராண்டர் டிரஸ்ட் ஆனதோ அந்த அதிகாரத்தை அப்பா எழுதிக் கொடுத்து விட்டுவிடுவது பல நேரம் சுத்தமான வழி. அதன்பின் டிரஸ்ட் தன் வரியைத் தானே கட்டும். 2025-ல் 15,650 டாலர் வருமானத்தைத் தாண்டியதுமே டிரஸ்டுக்கு 37 சதவீத வரி, அதையும் நினைவில் வையுங்கள். வருமானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் வரியும் பெரும்பாலும் அவர்கள் விகிதத்துக்குப் போய்விடும்.

அறிகுறி: எல்லோருக்கும் சம்மதம், டிரஸ்டையே கலைத்துவிடலாம் என்கிறார்கள்

எழுதியவர் உயிரோடு இருந்து, பயனாளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டால் பல மாநிலங்களில் கலைக்கலாம், திருத்தலாம். நியூயார்க்கில் இது பழைய வழக்கம். அங்கே சின்னப் பிள்ளை பயனாளியாக இருந்தால் அவன் சம்மதம் கொடுக்க முடியாது என்பதால் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

சட்டப்படி கலைக்க முடிகிறது என்பதோடு வேலை முடியவில்லை. வாஷிங்டன் மாநிலக் குடும்பம் ஒன்றில் மனைவி எழுதி வைத்த கியூடிப் டிரஸ்ட்: வருமானம் கணவருக்கு, அவர் காலத்துக்குப் பின் அசல் இரண்டு பிள்ளைகளுக்கு. 2016-ல் மூவரும் கோர்ட்டுக்கு வெளியே ஒப்பந்தம் போட்டு முழுச் சொத்தையும் கணவருக்கே கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கைமாறாக ஒன்றும் இல்லை. 2024 செப்டம்பரில் டாக்ஸ் கோர்ட், தங்கள் பங்கைச் சும்மா விட்டுக்கொடுத்த பிள்ளைகள் அப்பாவுக்குக் கிஃப்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று தீர்ப்பளித்தது. ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை, ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த மாற்றத்துக்கு முன் ஒவ்வொருவர் பங்கின் மதிப்பு என்ன, பின் என்ன? யாருக்காவது குறைந்தால் அவர் கையெழுத்துக்கு விலை உண்டு. அதே பலனை டிரஸ்டி தன் அதிகாரத்தால் தரமுடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் விட்டுக்கொடுப்பவருக்கு அவர் பங்கின் மதிப்பைக் கொடுத்துக் கலையுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

டிரஸ்டில் மிச்சம் கொஞ்சம்தான், நிர்வாகச் செலவே தின்கிறது: யூனிஃபார்ம் டிரஸ்ட் கோடில் 50,000 டாலருக்குக் கீழ் இருந்தால் நோட்டீஸ் கொடுத்து டிரஸ்டியே முடித்துவிடலாம். ஒரே குடும்பத்துக்கு ஒரே மாதிரி மூன்று டிரஸ்ட்: யாருடைய உரிமையும் கெடாவிட்டால் நோட்டீஸோடு ஒன்றாக்கலாம், அதேபோல் பிரிக்கவும் செய்யலாம்.

இன்சூரன்ஸ் டிரஸ்டின் விதிகள் மோசம், திருத்தவும் வழியில்லை: எழுதியவர் புதிய டிரஸ்ட் ஒன்று எழுதி, அது பழையதிடமிருந்து பாலிசியை நியாயமான விலைக்கு வாங்கட்டும். இரண்டும் அவருக்கே வரி வரும் கிராண்டர் டிரஸ்ட்களாக இருந்தால், விலைக்கு மாறிய பாலிசியின் பணத்துக்கு வருமான வரி வரும் என்ற பொறியில் சிக்காது, 2007-ல் ஐஆர்எஸ்ஸே சொன்னது. விலை குறைவாகப் போட்டால் மூன்று வருஷ விதி (மாற்றிய மூன்று வருஷத்துக்குள் எழுதியவர் இறந்தால் பாலிசிப் பணம் அவர் எஸ்டேட்டில் சேரும் என்பது) வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும், அதனால் மதிப்பை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மனைவிக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், எஸ்டேட் வரி வரும் அளவுக்குச் சொத்து உள்ள குடும்பம்: டிரஸ்ட் கியூடாட் (குடியுரிமை இல்லாத துணைக்கென்றே உள்ள டிரஸ்ட் வகை) ஆக இருந்தால்தான் மனைவிக்கான வரி விலக்கு. கணவர் இறந்தபின் டிரஸ்டை கோர்ட் இல்லாமல் கியூடாட் ஆக்கவேண்டும் என்றால் அந்த அதிகாரம் பத்திரத்திலேயே இருக்கவேண்டும், எஸ்டேட் வரிப் படிவம் போடும் கெடுவுக்குள் அது முடிந்தும் இருக்கவேண்டும். அதிகாரம் எழுதப்படவில்லை என்றால் அதே கெடுவுக்குள் கோர்ட்டில் மனு போட்டுவிடுங்கள்.

எங்கே கோர்ட் தவிர வழியில்லை

டிரஸ்டி பணத்தைத் தின்றுவிட்டார். பயனாளி ஒருவர் முடியவே முடியாது என்கிறார், டிரஸ்டிக்கும் அதிகாரம் இல்லை. பயனாளி யாரென்றே தெரியவில்லை, அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை. தர்ம காரியத்துக்கு எழுதிய பங்கில் கை வைக்கவேண்டும் (அங்கே மாநில அட்டர்னி ஜெனரலுக்குச் சொல்லாமல் நகரமுடியாது). இவை வந்தால் நேரே வக்கீல்.

மாற்றிய பின்

ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். ஒரு குடும்பத்தில் டிகான்டிங் பத்திரம் அச்சுப்பிழைகூட இல்லாமல் இருந்தது, ஆனால் வங்கிக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் பழைய டிரஸ்ட் பெயரிலேயே மூன்று வருஷம் கிடந்தன. சொத்து நகரவே இல்லை. வீட்டுக்குப் புதிய டீட், புரோக்கரேஜ் கணக்குக்குப் புதிய பெயர், பாலிசிக்குப் பயனாளி மாற்றம், புதிய டிரஸ்டுக்குப் புது வரி எண் வேண்டுமா என்ற முடிவு, பழையதற்குக் கடைசி 1041 வேண்டுமா என்ற கேள்வி. நோட்டீஸ் அனுப்பியதற்கு அத்தாட்சியையும் பழைய பத்திரத்தின் பிரதியையும் ஒரே கோப்பில் வையுங்கள். படிவம் போட வரும் என்னைப் போன்றவர்கள் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.